கடைசி ரீல் இல்லாத படம்

அந்தப் படத்தை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எடுத்தவர்களே மறந்துபோன படம் அது. சென்னையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பார்கள். ஆனால் எங்கள் திருத்தணியில் அது வருஷா வருஷம் ஓடியது. ஆடிக் கிருத்திகை வந்தால் மலைமேல் காவடி, மலைக்குக் கீழே கொட்டகையில் அந்தப் படம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் எங்களுக்கு ஆடி மாசம் வந்த மாதிரியே இருக்காது.

ஓடாத படம் என்பதால் எங்கள் கொட்டகைக்காரர் படப்பெட்டியையே சல்லிசாக வாங்கி வைத்துக்கொண்டார். வேறு படம் கிடைக்காத வாரங்களில் எடுத்துப் போடுவார். ஜனங்கள் சலிக்காமல் வந்தார்கள். நெசவுக்காரத் தெருக்களில் அன்றைக்கு மட்டும் தறிகள் சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

கதை இதுதான். நாடகக் கம்பெனியில் பாடுகிற ஒருவன். அவன் மனைவி வீட்டில் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறாள். கைக்குழந்தை ஒன்று. பட்டணத்துக் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிடுகிறது. ஒரு மாசத்தில் வந்து அழைத்துப் போகிறேன் என்கிறான். போனவன் போனவன்தான். அங்கே அவனுக்குப் பேரும் புகழும், கூட ஆடுகிற பெண்ணோடு குடித்தனமும். இங்கே இவள் மிஷினை மிதித்துப் பிள்ளையை வளர்க்கிறாள். ஒருநாள் அவனுக்குத் தொண்டை கெட்டுப்போகிறது. கம்பெனி கழற்றிவிடுகிறது. மழையில் நனைந்தபடி ஊருக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், உட்கார்ந்து, மறுபடி தைக்க ஆரம்பிக்கிறாள். வெளியே தட்டுகிற சத்தம், உள்ளே மிஷின் சத்தம். அவ்வளவுதான். 'வணக்கம்' என்று கொட்டகையின் சிலைடு விழும், விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பும். அந்தக் காலத்துப் படங்களில் புருஷன் என்ன செய்தாலும் கடைசியில் காலில் விழுந்து கண்ணில் ஒற்றிக்கொள்வதுதான் வழக்கம். இவள் மட்டும் திறக்கவில்லை. அதற்காகவே எங்கள் ஊர்ப் பெண்கள் அவளைக் கொண்டாடினார்கள். படத்தில் அக்கம்பக்கத்தார் புருஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கும்போது அவள், “எனக்குத் தைக்க வேண்டியது இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். எங்கள் தெருவில் யாராவது வம்பு பேச வந்தால் ஊசியே பிடிக்கத் தெரியாதவள்கூட அதைச் சொல்லித்தான் துரத்துவாள்.

நான் முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தது அக்காவோடும் பாவாவோடும். பாவா எங்கள் அத்தை மகன், அக்காவின் புருஷன். அறுபதுகளின் கடைசி. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது ஜோடி தனியாகச் சினிமாவுக்குப் போனால் தெரு சும்மா இருக்குமா? என்னைத் துணைக்குச் சேர்த்து அனுப்பினாள் அம்மா. கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தடுப்பு. அவர்கள் சேர்ந்து உட்கார வழியே இல்லாத இடத்துக்கு ஒரு துணை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

திரும்பி வரும்போது பாவாவுக்கு மனசே சரியில்லை. தொண்டை போய், போக்கிடம் இல்லாமல், மழையில் நிற்கிறவனை உள்ளே விடாதது என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் இளகிய மனசுக்காரர். தெரு நாய் நொண்டினால்கூட நின்று பார்ப்பார். அக்கா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஏனோ பேசினாள்.

“அவ தொறக்காததுதாங்க சரி,” என்றாள்.

பாவா சிரித்துவிட்டார். தன் பெண்டாட்டிக்கு இவ்வளவு அழுத்தம் இருக்கிறதா என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வழியில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து அவர் பம்பாய்ப் பக்கம் போனார். கைத்தறி லுங்கி தேங்கிக் கிடந்த சமயம். எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் அங்கே பவர்லூம் ஓட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் அப்போது தவழ்கிற குழந்தை. முதல் பொங்கலுக்கு வந்தார். அடுத்த பொங்கலுக்கும் வந்தார். அப்புறம் வரவில்லை, கடுதாசியும் நின்றுபோயிற்று. நைனா, எங்கள் அப்பா, ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆள் நன்றாக இருக்கிறான், கூட ஒரு பெண் இருக்கிறாள் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

அக்கா அழுதாள். நிறைய அழுதாள், சொல்வதற்கு என்ன. பிறகு தறியில் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அடுத்த ஆடிக்கு நான் படத்துக்குக் கிளம்பியபோது தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று அம்மா கெஞ்சினாள். அக்கா தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கடைசிக் காட்சியில் பாதிப் பேர் திரையைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அக்காவைப் பார்த்தார்கள். எனக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. அக்கா திரையை மட்டும்தான் பார்த்தாள். அதற்கப்புறம் ஒரு ஆடியும் தவறவிடவில்லை.

டீச்சர் டிரெயினிங்குக்காக நான் சென்னை விடுதிக்குப் போனபோது அந்தப் படத்தைப் பற்றி எல்லோரிடமும் அளந்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் பார்த்திருந்தாள். “அவளுக்கு ஊசி குத்தினா அவனுக்கு வலிக்குமே, அந்தப் படமா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஒரு காட்சியே கிடையாது என்றேன். இருக்கிறது என்றாள். நான் எத்தனையோ தடவை பார்த்தவள், என்னிடமே கதை விடுகிறாளே என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு முறை நடந்திருக்கிறது. காவடி எடுத்து வந்த ஒருவர் படம் முடிந்து விளக்குப் போட்டதும், இன்னும் இருக்கிறதே, அவள் கதவைத் திறப்பாளே என்று கேட்டாராம். வெயிலில் மலையேறியதில் தலை சுற்றிவிட்டது பாவம் என்று சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம்.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற அந்தப் படத்தின் ஓட்டைகள் எனக்கே தெரிய ஆரம்பித்தன. ஒரு பாட்டு ஆரம்பிக்கும்போது தொட்டிலில் இருக்கிற பிள்ளை, பாட்டு முடியும்போது மீசையோடு நிற்கிறான். சோற்றுக்கே வழியில்லாதவள் காட்சிக்கொரு புடவை கட்டுகிறாள். நகைச்சுவை என்று வருகிற மாமனார் மருமகன் சண்டையைச் சகிக்க முடியாது; அந்த நேரத்தில்தான் கொட்டகையில் எல்லோரும் முறுக்கு வாங்கப் போவார்கள். அதைவிட எனக்கு உறுத்தியது அந்த ஆட்டக்காரி. சின்ன வயசில் அவள் திரையில் வந்தாலே மண்ணை வாரித் தூற்றியிருக்கிறேன். பிறகு பார்க்கும்போது அவள் என்ன தப்புச் செய்தாள் என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கல்யாணமானவன் என்று அவளிடம் அவன் சொல்லவே இல்லை. அவனுக்குத் தொண்டை கெட்டபோது கஞ்சி வைத்துக் கொடுக்கிறவளும் அவள்தான். அவளையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டுத்தான் அவன் ஊருக்கு வருகிறான். படம் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. நாங்களும் படவில்லை.

இருந்தாலும் சில இடங்கள் கெட்டுப்போகவில்லை. பிள்ளை அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் அவனுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறாள். கையைத் தூக்கு என்கிறாள், திரும்பு என்கிறாள். அவன் உயரம் பழைய அளவுக்கு மேல் போயிருப்பதைப் பார்த்து நாடாவைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்கிறாள். எந்த வயசில் பார்த்தாலும் அந்த இடம் எனக்குப் பழசாகவில்லை. அப்புறம் அந்தக் கதவு. அந்த முடிவுக்காக மீதி எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுதான் நான் வாதாடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் பாவா திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் அவர் தங்கச்சி புருஷனுக்கு டீக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே வந்து தங்கியிருக்கிறார், இளைத்துப்போயிருக்கிறார், விடாமல் இருமுகிறார் என்று சேதி வந்தது. அக்கா கேட்டுக்கொண்டாள். போய்ப் பார்க்கவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. மகளிடம் மட்டும், ஒங்க நைனா வந்திருக்காராம் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அவர் முகமே தெரியாது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் பூச்சி அரித்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்தது. பிள்ளை வீட்டார் மரியாதையான மனிதர்கள். கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பெண்ணின் அப்பா உயிரோடு இருக்கும்போது அவர்தான் மனையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், வேறு யாரோ கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் மனையில் உட்கார வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள் சேர்க்க வேண்டும். நைனா காலமாகிவிட்டதால் அவருடைய அண்ணன்தான் எங்களுக்குப் பெரியவர். பெரிய நைனா என்போம். பாவா சொல்லியனுப்பினாரோ என்னவோ, அவர் தினமும் வந்து அக்காவை நச்சரித்தார். வந்தவனை உள்ளே விடு, இல்லாவிட்டால் இந்த இடம் போய்விடும் என்றார். அக்கா பாட்டுக்குத் தறியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஆத்திரம் படத்தின் மேல் திரும்பியது. அந்தப் பாழாய்ப்போன படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவள் மனசு கல்லாகிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த மாசத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் அந்தப் படம் போடப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஊருக்கே தலைகால் புரியவில்லை. எங்கள் கொட்டகைப் படம் டி.வி.யில் வருகிறதென்றால் சும்மாவா! எங்கள் தெருவில் டி.வி. இருந்தது பெரிய நைனா வீட்டில் மட்டும்தான். அவருக்கு வேண்டாவெறுப்பு, வந்தவர்களைத் துரத்தவும் முடியவில்லை. கூடம் நிரம்பி, நடை நிரம்பி, ஜன்னலில் தலைகள் தொங்கின. அக்காவும் வந்தாள். மகளும் வந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம்.

படம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் வாயைத் திறக்கும் முன்னே வசனம் எங்கள் வாயிலிருந்து வந்தது. கதவு தட்டுகிற இடம் வந்தது. தாழ்ப்பாளில் கை. கையை எடுத்தாள். மிஷின் ஓடியது. கூடத்தில் கைதட்டல். பக்கத்து வீட்டம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு கிளம்பியே விட்டாள். படம் நிற்கவில்லை.

ஊசி அவள் விரலில் இறங்கியது. வெளியே மழையில் நின்றவன் தன் விரலைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவன் காலில் விழுந்தாள். அதுவரை படம் முழுக்க நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், பெண் என்றால் பூமி என்றும் புருஷன் என்றால் மழை என்றும் மூச்சுவிடாமல் பேசினாள். அதைக் கேட்டு அவனுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. உடனே பாடினான். ஆட்டக்காரி எங்கேயோ லாரியில் அடிபட்டுச் செத்தாள். கோயிலில் மூன்று பேரும் கும்பிடுகிறபோது படம் முடிந்தது.

எனக்கு விடுதியில் சிரித்தவளின் முகம்தான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, ஏதோ நம் வீட்டுப் பெண்ணை யாரோ இழுத்துக்கொண்டுபோய் வேறு மாதிரி ஆக்கிவிட்ட மாதிரி இருந்தது. பெரிய நைனா ஒருவருக்குத்தான் முகமெல்லாம் வெளிச்சம். அத்தனை நாள் திட்டிய படத்தின் மேல் அவருக்கு அந்த நிமிஷத்தில் பாசம் பொங்கிவிட்டது.

“பாத்தியாம்மா? தொறந்துட்டா,” என்றார் அக்காவிடம். “அவளே தொறந்துட்டா. நீ இன்னா சொல்ற?”

கூடம் முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. உலை வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அழுகிறாள் என்று நினைத்தேன். தெருக்கோடியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். விரலைத் தூக்கிக் காட்டினாள். ஊசி குத்தின விரல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாகவே இல்லை இல்லையா என்று கேட்டாள். சகிக்கவில்லை அக்கா என்றேன். நாம் பார்த்ததுதான் நல்ல படம் என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் அவளும் கொட்டகை ஆபரேட்டரைப் பார்க்கப் போனோம். அவர் மிஷன் தெருக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் சொல்லமாட்டார் என்று ஊரில் பேர். எங்களுக்கு முன்பே பல பேர் போய்க் கேட்டுவிட்டிருந்தார்கள், மனிதர் நொந்துபோயிருந்தார். படம் வந்த முதல் நாள் முழுப் படத்தையும்தான் ஓட்டினாராம். ஆனால் படம் நீளம். கடைசி ரீல் ஓடுகிறபோது பள்ளிப்பட்டுப் பக்கம் போகிற கடைசி பஸ் கிளம்புகிற நேரம். கதவைத் தட்டுகிற இடத்திலேயே வெளியூர்க்காரர்கள் எழுந்து ஓடினார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் எழுந்தார்கள். கடைசி ரீலை ஒருவரும் பார்க்கவில்லை. பெஞ்சு உடைந்தது. முதலாளி அந்த ரீலை எடுத்துவிடச் சொன்னார். மற்ற படங்களில் பாட்டையும் சண்டையையும் வெட்டி பஸ்ஸுக்குச் சரிக்கட்டுவது வழக்கம்தான், இதில் கடைசி ரீலே போயிற்று. அப்புறம் அதுவே பழகிவிட்டது.

கிருத்திகைக் காலத்தில் ராத்திரி முழுக்க பஸ் ஓடுமே, அப்போதாவது போட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

“போடலாம்னு எடுத்து வச்சேம்மா,” என்றார். “ஆனா அந்தப் பொம்பள அவ்ளோ நேரம் கெத்தா இருந்துட்டு, கடசில போயி அழுதுகினு பேசறது எனக்குப் புடிக்கல. ஜனங்க கைதட்டிகினு போறாங்க. நா எதுக்குக் கெடுக்கணும்?”

எனக்கு அந்த மனிதர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. கதை எழுதியவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா ஏதோ யோசித்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும், வா கனகம்மாசத்திரம் போய்விட்டு வரலாம் என்றாள். நான் திடுக்கிட்டேன். டி.வி. பார்த்து மனசு மாறிவிட்டாயா என்று கத்தினேன். நீ சும்மா வா என்றாள்.

பகல் பஸ்ஸில் போனோம். டீக்கடையில் கூட்டம். பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கட்டில், அதில் பாவா. நான் அவரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை. அக்கா நின்றபடியே அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் கேள்வியாக, பம்பாயில் கூட இருந்த அந்த அம்மா எங்கே என்று கேட்டாள்.

செத்துப்போய்விட்டாள் என்றார். ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். அக்கா விடவில்லை. கடைசிவரை கூட இருந்தீர்களா என்றாள். இருந்தேன், தனியாக விட மனசு வரவில்லை என்றார். அக்கா தலையசைத்தாள். அவள் முகத்தில் வலியும் தெரிந்தது, ஒருவித நிம்மதியும் தெரிந்தது. எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. அந்த அம்மாவையும் விட்டுவிட்டு வந்திருந்தால், இரண்டு பெண்களை நட்டாற்றில் விட்டவனோடு பேசியே இருக்கமாட்டேன் என்று பிறகு ஒருநாள் சொன்னாள்.

பாவாவும் டி.வி.யில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். டீக்கடைக்காரர் புதிதாக வாங்கியிருந்தாராம். அதைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்.

“எத்தினியோ தபா கெளம்பினேன்,” என்றார். “ரயிலடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். அந்தப் படம்தான் நெனப்புக்கு வரும். அவ தொறக்காததுதான் சரின்னு நீ சொன்ன. நா மறக்கல. தொறக்கமாட்டன்னு தெரிஞ்சிகினு எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது? இப்பதான் தெரியுது, படத்துல அவ தொறந்துதான் இருக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுப் பெண்ணாக இருந்தபோது வேர்க்கடலை தின்றபடி சொன்ன ஒரு வார்த்தையை ஒரு மனிதன் இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். ஒரு பஸ்ஸுக்காக எடுத்துவைத்த ரீல் இப்படி ஒரு குடும்பத்தையே பிரித்துவைத்துவிட்டதா என்று நினைத்தேன். காலையில் ஆபரேட்டரைக் கும்பிட நினைத்த எனக்கு இப்போது அவர்மேல் ஆத்திரம் வந்தது. பாவாமேல் பரிதாபம் பொங்கியது. கண் கலங்கிப்போய் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கவில்லை.

“படத்து மேல பழி போடாதீங்க பாவா,” என்றாள். “அவ தொறந்தாளோ இல்லியோ, அவன் வந்து தட்டினான். நீங்க தட்டவே இல்லியே.”

பாவா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மனையில் உட்காருவதெல்லாம் அப்புறம். தங்கச்சி வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெரியவர்களை வைத்துப் பேச்சு நடத்த வேண்டாம். வர வேண்டுமென்றால் வந்து வாசலில் நின்று கேளுங்கள், நான் என்ன சொல்வேனோ எனக்கே தெரியாது என்றாள். அவர் தங்கச்சி கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

பஸ்ஸில் நான் அவளோடு சண்டை போட்டேன். அவர் வந்தால் சேர்த்துக்கொள்ளப் போகிறாயா என்றேன். அவளுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை வருஷம் தனியாகப் பாடுபட்டவள். இப்போது அவர் இருமலுக்குக் கஷாயம் காய்ச்ச வேண்டுமா என்று எனக்கு வயிறெரிந்தது. அவர் வரவே மாட்டார், அவர் சுபாவம் எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். வரட்டும் வராமல் போகட்டும் என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தேன். அக்கா தறியில் இருந்தாள். மகள் சமையல்கட்டில் இருந்தாள். வெளிச்சத்துக்காக வாசல் கதவைப் பகலெல்லாம் திறந்தே வைத்திருப்பது எங்கள் தெரு வழக்கம். அக்கம்பக்கத்தார் யாரும் தட்டமாட்டார்கள். குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். அன்றைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பாவா நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, எண்ணெய் தடவிய தலை. திறந்திருந்த கதவைத்தான் மறுபடியும் தட்டினார்.

அக்காவின் கை தறியில் அப்படியே நின்றது. நான் வாயைத் திறக்கப் போனேன், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். மகள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். வயசான ஒரு ஆளைப் பார்த்து மரியாதையாக நின்றாள்.

“யாருங்க வேணும்?” என்று கேட்டாள்.

பாவா அவளையே பார்த்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. கதவைத் தட்டிய கை அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. மகள் புரியாமல் உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா தறியை விட்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போகவில்லை, நடையிலேயே நின்றாள்.

“ஒங்க நைனாதாம்மா,” என்றாள். “உள்ள வரச் சொல்லு.”